தாது வருஷப் பஞ்சமும் ஏழைக் குடும்பமும்

1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. தமிழாண்டுக் கணக்கில் அது தாது வருஷம்; ஆதலின் அப்பஞ்சம் மக்கள் வழக்கில் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே நின்றுவிட்டது. 1878 வரை நீடித்த அக்கொடுமையில் பிரிட்டிஷ் இந்தியாவில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாணவர்களே! மாண்டவர் தொகையை வரலாற்று நூல்கள் கூறும். மாளாதிருக்க நாட்டுப்புறத்து ஏழைக் குடும்பம் என்னென்ன செய்து பார்த்தது என்பதையே இங்குக் கூற விழைகிறேன்.

பசித்தவன் முதல் நாளே கஞ்சித் தொட்டிக்கு ஓடிவிடவில்லை. முதலில் உலை சுருங்கிற்று. இருவேளை ஒருவேளையாயிற்று, களி கூழாயிற்று, கூழும் நீர்த்தது. வீட்டில் கடைசியாக உண்பவள் பெண். எனவே முதலில் பட்டினி கிடந்தவளும் அவளே. பின்னர்க் காடுமேடெல்லாம் கீரையும் கிழங்கும் தேடினர். புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்றனர். கூரை வைக்கோலை உருவி மாட்டுக்கு இட்டனர். அடுத்து நகையும் பித்தளைப் பாத்திரமும் சந்தைக்கு வந்தன. எல்லாரும் விற்க வந்தால் வாங்குவோர் யார்? மாட்டின் விலை வீழ்ந்தது. தானியத்தின் விலை ஏறியது. ஏர்மாட்டை இழந்தவன் மழை பெய்தபின் எதைக் கொண்டு உழுவான்? ஆகவே விதையையும் மாட்டையும் இயன்றவரை பசியோடிருந்தே காத்தனர். இதனை மடமை என்போர் உழவை அறியாதவர்.

அவையும் போனபின்னரே ஊரை விட்டனர். பலர் கடல் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். பலர் அரசாங்கத்தின் பஞ்ச நிவாரண வேலைகளுக்குச் சென்றனர். சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதே. நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். உழைப்பவன் உடல் அதனால் தேய்ந்தழியும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் எலும்பும் தோலுமாய் வேலைக்கு வந்தவர் பலருக்கு அவ்வுயர்வு காலங்கடந்ததே.

1880இல் பஞ்ச விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து பஞ்சகால விதித்தொகுப்புகள் எழுந்தன. தானிய விலையேற்றம், கடன் கிட்டாமை, களவு மிகுதல், மக்கள் கூட்டங்கூட்டமாக ஊர் பெயர்தல் ஆகியவற்றை அதிகாரிகள் முன்னறிகுறிகளாகக் கொண்டு விழிப்போடிருக்க வேண்டும் என அவை விதித்தன. 1876இல் இவ்வறிகுறிகள் சந்தையிலும் சாலையிலும் எவர் கண்ணுக்கும் தெரியக் கிடந்தவையே.