புகைப்படத்தில் கூடிய குடும்பம்

புகைப்படம் என்பது உள்ளதை உள்ளவாறே காட்டும் கருவி என்று கருதுவோர் பலர். ஆனால் அக்கலையின் வரலாற்றை நோக்கினால், கண்ணுக்குப் புலப்படாததைக் காட்டவும் அது தொடக்கக் காலத்திலேயே முயன்றது தெரியவரும். 1857-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து, வாழ்க்கையின் இரு வழிகளைச் சித்திரிக்கும் ஒரே படத்தை உருவாக்கினார். 1924-இல் பாரிஸ் நகரில், கனவுக்கும் நனவுக்கும் இடையேயுள்ள சுவரை நீக்க முனைந்த சர்ரியலிச இயக்கம் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே மான் ரே என்னும் கலைஞர் ஒரு பெண்ணின் முதுகில் வயலினின் துளைகளைப் பொறித்து, உடலையே இசைக் கருவியாகக் காட்டினார்.

அவ்வியக்கம் தழைத்திருந்த பாரிஸுக்கு 1929-இல் ஓர் இந்தியக் குடும்பம் சென்றது. குடும்பத் தலைவர் உம்ராவ் சிங் ஷேர்-கில், வடமொழியும் பாரசீகமும் கற்ற பஞ்சாபிப் பெருமகனார். அவருடைய மனைவி மேரி ஆண்டாய்னெட், ஹங்கேரி நாட்டு இசைவாணி. மூத்த மகள் அம்ரிதா, பின்னர் புகழ்பெற்ற ஓவியர். இளைய மகள் இந்திரா. உம்ராவ் சிங் பல ஆண்டுகள் தம்மையும் தம் குடும்பத்தாரையும் ஓயாது படம் பிடித்து வந்தார். 1941-இல் அம்ரிதா லாகூரில் தம் இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். 1948-இல் தாயும், 1954-இல் தந்தையும் மறைந்தனர். படங்கள் எஞ்சின.

இந்திரா மணந்தவர் ஒரு தமிழர்: 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய கே. வி. கே. சுந்தரம். அவர்களுடைய மைந்தர் விவான் சுந்தரம் 1943-இல் சிம்லாவில் பிறந்தவர்; பரோடாவிலும் லண்டனிலும் ஓவியம் பயின்றவர். பெரியம்மா அம்ரிதாவை அவர் கண்டதே இல்லை. 2001-இல், பாட்டனார் எடுத்த பழைய படங்களைக் கணிப்பொறியில் சேர்த்து, ‘அம்ரிதாவை மீண்டும் எடுத்தல்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு வரிசைப் படங்களை அவர் இயற்றத் தொடங்கினார். வெவ்வேறு ஆண்டுகளிலும் ஊர்களிலும் எடுத்த உருவங்கள் அங்கே ஓர் அறையில் கூடுகின்றன; கண்ணாடிகள் காலத்தைக் கலக்கின்றன.

இது பொய்யன்றோ என்று வினவலாம். நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக நம்பவைக்கும் படமே பொய். சுந்தரம் இவை தாம் இணைத்த படங்கள் என்பதை மறைக்கவில்லை. ஒரு குடும்பத்தில் மறைந்தோரும் இருப்போரும் எவ்வாறு ஒருங்கே வாழ்கின்றனர் என்னும் மெய்யை ஒரு நொடியில் எடுத்த படம் காட்ட இயலாது. அதைக் காட்டவே அவர் பல நொடிகளைப் பிணைத்தார். 2023-இல் அவரும் மறைந்தார். இன்று அப்படங்களில் பாட்டனாரின் பார்வையோடு பேரனின் பார்வையும் சேர்ந்தே நிற்கிறது.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் இல்லங்களிலும், பேரப்பிள்ளைகள் கண்டிராத பாட்டன் பாட்டியரின் படங்கள் உள்ளன. உம்ராவ் சிங் படங்களைப் பிடித்ததோடு நில்லாமல் பேணியும் வைத்தமையாலேயே பேரனுக்கு அக்கலை வாய்த்தது. நாமும் நம் வீட்டுப் படங்களின் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவைப்போமாக. அவற்றை நாளை எக்கண்கள், எம்முறையில் காணும் என்பதை யாரறிவார்?