சட்டைப்பைக்குள் ஒரு வெளிச்சம்

ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகன் கடந்த விடுமுறைக்கு ஊருக்கு வருவதற்கு முன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, உங்களுக்கு என்ன கொண்டு வர?" என்று கேட்டான். சட்டைப்பையில் எந்நேரமும் வைத்திருக்கத்தக்க சிறியதொரு ரோச் லைற் போதும் என்றேன். (தமிழக வாசகர்கள் டார்ச் லைட் என்று வாசித்துக்கொள்ளலாம். எங்கள் பாடநூல்கள் அதற்கு மின்சூள் என்றோர் அழகான பெயரைத் தந்திருக்கின்றன.) அவன் அத்துடன் விடவில்லை. "எத்தினை லூமன் வேணும்? ஆயிரமா, ரெண்டாயிரமா?" என்றான்.

"அது என்ன பற்றரி எடுக்கும் எண்டு முதல் சொல்லு" என்றேன். அவன் சிரித்தான்.

அவன் சிரித்ததில் பிழையில்லை. அவனுடைய நகரத்தில் இருள் என்பது மிக அரிதாக நேரும் ஒரு விபத்து. என் தலைமுறையினருக்கோ ரோச் லைற் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வெளிச்சம் அன்று, பற்றரிதான். இது எங்கள் ஊரின் தனிப்பட்ட குணம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்தக் கருவியின் வரலாற்றைத் தேடி வாசித்தபோதுதான், பிறந்த நாள் முதலே அதன் கதை பற்றரியின் கதையாகவே இருந்து வந்திருக்கிறது என்பது புரிந்தது.

1866 இல் பிரெஞ்சுக்காரரான ஜோர்ஜ் லெக்லாஞ்சே ஒரு மின்கலத்தை ஆக்கினார். நாகக் கோல், மங்கனீசீரொட்சைட்டு சூழ்ந்த காபன், இரண்டுக்கும் இடையே நவச்சாரக் கரைசல் என்பதே அதன் அமைப்பு. தந்திக்கும் அழைப்பு மணிக்கும் அது நன்றாக உதவியது. ஆயினும் கண்ணாடிச் சாடிக்குள் திரவமாக இருந்த அதனைச் சாய்க்க முடியாது, பையில் போட்டு நடக்கவும் முடியாது. 1886 இல் ஜேர்மனியரான கார்ல் காஸ்னர் அந்தத் திரவத்தைப் பசையாக்கி, நாகத்தினாலேயே செய்த குவளைக்குள் அடைத்துக் காப்புரிமை பெற்றார். சிந்தாத, எப்படிப் பிடித்தாலும் வேலை செய்கிற உலர் மின்கலம் அவ்வாறு பிறந்தது. 1898 இல் அமெரிக்காவின் நாஷனல் காபன் கம்பனி, நாம் 'பெரிய பற்றரி' என்று சொல்லும் டி அளவு மின்கலத்தைச் சந்தைக்கு விட்டது.

நியூயோர்க்கில் இருந்த டேவிட் மிசல் என்ற ஆங்கிலேயர், அத்தகைய மின்கலங்களை ஒன்றின் பின் ஒன்றாக ஒரு குழாய்க்குள் அடுக்கி, முன்புறத்தில் ஒரு சிறு மின்குமிழையும் தெறிகண்ணாடியையும் பொருத்தினார். 1899 ஜனவரி 10 ஆம் திகதி அதற்கு 617,592 என்ற இலக்கமுடைய அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அந்த உரிமை சென்று சேர்ந்த இடம் மின்சார விநோதப் பொருட்களை விற்ற ஒரு கம்பனி. அதனை நடத்தியவர் கொன்ராட் ஹியூபேர்ட். மின்ஸ்க் நகரில் அகிபா ஹொரோவிற்ஸ் என்ற பெயருடன் பிறந்து, 1891 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதர் அவர். புதிய விளக்குகளில் சிலவற்றை நியூயோர்க் பொலிசாருக்கு இலவசமாகக் கொடுத்து, அவர்கள் சொன்ன நல்வார்த்தையை விளம்பரமாக்கினார். அந்தக் கம்பனிதான் பிற்காலத்தில் எவரெடி என்ற பெயரில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்கர் அதற்கு இட்ட பெயர் 'பிளாஷ் லைட்'. பளிச்சென்று ஒரு கணம் மின்னும் விளக்கு என்பது பொருள். இது வெறும் அலங்காரப் பெயரன்று. அக்காலத்துக் காபன் இழைக் குமிழ் மின்னோட்டத்தை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சியது. நாக-காபன் மின்கலத்திலிருந்து தொடர்ந்து மின்னை எடுத்தால் காபன் கோலைச் சுற்றி ஐதரசன் சேர்ந்து மின்னோட்டம் தளர்ந்துவிடும். சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால், மங்கனீசீரொட்சைட்டு அந்த ஐதரசனை மெல்ல மெல்ல அகற்ற, கலம் மீண்டும் ஓரளவு உயிர் பெறும். ஆகவே தொடர்ந்து எரிப்பதற்கு அந்த விளக்கு ஏற்றதாக இருக்கவில்லை. மின்ன வேண்டும், அணைக்க வேண்டும், ஆறவிட வேண்டும். 1910 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்குதன் இழை வந்தபின்னரே நின்று எரியும் ரோச் சாத்தியமாயிற்று. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

வெளிச்சம் இன்றியமையாத பொருளாவது இருள் கட்டளையாக வரும்போதுதான். 1939 செப்டம்பர் 1 ஆம் திகதி பிரித்தானியாவில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைந்தன. குண்டுகள் விழத் தொடங்குமுன்பே வீதி விபத்துகளில் மக்கள் பெருந்தொகையாக மடியத் தொடங்கினர். நடந்து செல்வோர் கையில் ரோச் வைத்திருக்க அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதன் முகத்தை மெல்லிய தாளால் இரண்டு மடிப்பாக மூடி, நிலத்தை நோக்கியே பிடிக்க வேண்டும். அந்த ஆண்டு முடிவதற்குள் சிறிய ரோச்சுக்கான எட்டாம் இலக்கப் பற்றரி கடைகளிலிருந்து மறைந்தது. ரோச் இருந்தது, பற்றரி இல்லை. ஜேர்மனியர் ஆக்கிரமித்திருந்த நெதர்லாந்தில் பற்றரிக்கு இருந்த தட்டுப்பாட்டுக்குப் பிலிப்ஸ் நிறுவனத்தின் கைடைனமோ ரோச் விடையாயிற்று. பிடியை விரல்களால் அமத்தி அமத்தி விட்டால் உள்ளேயிருக்கும் சிறு டைனமோ சுழன்று விளக்கு எரியும். அது எழுப்பும் கரகரப்பைக் கேட்ட டச்சு மக்கள் அதற்குப் பூனையின் பெயரைச் சேர்த்து 'நைப்கற்' என்றார்கள். அமத்தும் பூனை என்று தமிழில் சொல்லலாம்.

லண்டனின் இந்தக் கதையை வாசித்தபோது எனக்கு அது அந்நியமாகப் படவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. வடக்குக்கு எடுத்துச் செல்லத் தடை விதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருளுடன் பற்றரியும் இடம்பெற்றது. கண்ணிவெடியை இயக்கவல்ல பொருள், இருட்டில் கிணற்றடிக்குப் போகிறவனுக்கும் வேண்டிய பொருளாக இருந்ததுதான் சனங்களின் துரதிர்ஷ்டம். மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சும் மெல்லிய திரியும் வைத்த ஜாம் போத்தல் விளக்கில் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படித்தவர்களில் நானும் ஒருவன். வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்தோம். நெதர்லாந்துக்காரரின் பூனையைப் பற்றி அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதன் உறவுக்காரர் ஒருவர் எங்கள் முற்றத்தில் நின்றார்.

எங்கள் வீட்டில் இரண்டு பெரிய பற்றரி போடும் தகர ரோச் ஒன்று இருந்தது. எங்கிருந்தோ வந்து சேர்ந்த இரண்டு பற்றரிகளை அம்மா அதற்குள் போட விடவில்லை. தாளில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் தனியே வைத்திருந்தார். உள்ளே கிடந்தால் யாராவது வீணாக எரித்துவிடுவார்கள், கசிந்தால் ரோச்சும் பழுதாகும் என்பது அவருடைய கணக்கு. பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டுப் பார்ப்போம். சற்று நேரம் எரியும். சூடு, கலத்துக்குள் நடக்கும் வேதியல் மாற்றத்தைச் சிறிது விரைவுபடுத்துகிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். அன்று அது ஒரு வித்தை.

1992 ஆம் ஆண்டு மாரியில் ஓர் இரவு அப்பம்மாவுக்குத் தொய்வு முற்றி மூச்சு வாங்கத் தொடங்கியது. சைக்கிள் கரியரில் அவவை இருத்தி, நான் ஹாண்டிலைப் பிடித்துத் தள்ள, அப்பா பக்கத்தில் அவவை அணைத்துப் பிடித்தபடி நடந்தார். தள்ளிக்கொண்டு நடக்கும் வேகத்தில் டைனமோ விளக்கு எரியாது. அம்மா அந்த இரண்டு பற்றரிகளையும் எடுத்துத் தந்தார். ஒழுங்கையில் வெள்ளம். புடையன் ஏறிக் கிடக்கும் காலம். ஆகாயத்தில் எந்த நேரம் எது வரும் என்று தெரியாததால் அப்பா ரோச்சின் முகத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். விரல் இடுக்குகளால் கசிந்த சிவந்த வெளிச்சத்தில் பாதையைப் பார்த்தோம்.

பாதித் தூரம் போவதற்குள் வெளிச்சம் மஞ்சளாகி, பின் நெருப்புத் தணல் போலச் சிறுத்தது. பல மாதம் கிடந்த பற்றரிகள். நான் பதறினேன். அப்பா பதறவில்லை. "நூத்துப்போட்டு நடப்பம். கொஞ்சம் ஆறட்டும்" என்றார். இருட்டில் காலால் தடவித் தடவி ஐம்பது அடி நடந்தோம். ஒழுங்கை திரும்பும் இடத்தில் ஒரு கணம் அமத்தினார். வெளிச்சம் வந்தது. அந்த ஒரு கணத்தில் பள்ளத்தையும் வேலியையும் மனதில் குறித்துக்கொண்டு மறுபடியும் இருளில் நடந்தோம். அப்படி மின்னி, அணைத்து, ஆறவிட்டே ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அப்பம்மா அதன்பின் ஆறு வருடம் இருந்தா.

1899 இல் நியூயோர்க்கில் அந்த விளக்குக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதை அண்மையில் வாசித்தபோது, அப்பா அந்த ஒழுங்கையில் செய்தது என்னவென்று விளங்கியது. காபன் கோலைச் சுற்றிய ஐதரசனுக்கு அவர் நேரம் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பின் உலகம் வெகுதூரம் போய்விட்டது. 1993 இல் யப்பானில் நிச்சியா கம்பனியைச் சேர்ந்த சுஜி நகமுரா பிரகாசமான நீல ஒளிகாலும் இருவாயியை ஆக்கினார். எல்.ஈ.டி. என்று எல்லோரும் சொல்லும் பொருள்தான் அது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சினைச் சேர்த்து 1996 இல் அதே கம்பனி வெள்ளை ஒளி தருவதைச் சந்தைக்கு விட்டது. நகமுராவுக்கும், அவருக்கு முன்னரே இத்துறையில் வழி திறந்த அகசாகி, அமனோ ஆகியோருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் தகர ரோச்சின் இழைக்குமிழ் தந்தது சுமார் 10 லூமன் ஒளிதான். இன்று சுண்டுவிரல் அளவு ரோச் ஒன்று நூறு லூமனை இலகுவாகத் தருகிறது. ஆயிரம், இரண்டாயிரம் என்று விளம்பரங்கள் பேசுகின்றன.

அந்த எண்களை எப்படி வாசிப்பது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு கம்பனியும் தனக்குப் பிடித்த எண்ணை அச்சிட்ட நிலையில், 2009 இல் அமெரிக்காவில் எப்.எல். 1 என்ற தரம் வகுக்கப்பட்டது. அதன்படி ஒளியின் அளவு, விளக்கை எரித்து அரை நிமிடம் கழிந்த பின்னரே கணக்கிடப்படும். எரியும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். 'ஆயிரம் லூமன், மூன்று மணி நேரம்' என்று பெட்டியில் இருந்தால், மூன்று மணி நேரமும் ஆயிரம் லூமன் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. சிறிய உடலுக்குள் பிறக்கும் சூட்டைத் தாங்க முடியாமல் பல ரோச்சுகள் சில நிமிடங்களிலேயே தம்மைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. தூரமும் அவ்வாறே. ஒளி 0.25 லக்ஸ், அதாவது ஏறக்குறைய முழுநிலவின் அளவுக்கு மங்கும் இடம் வரை அளந்த தூரம் அது. மேலும், இருமடங்கு ஒளி நம் கண்ணுக்கு இருமடங்காகத் தெரிவதுமில்லை.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஒரேயொரு இரட்டை ஏ பற்றரியில், அதாவது இலங்கையில் எந்தக் கடையிலும் பென்ரோச் பற்றரி என்று கேட்டால் எடுத்துத் தருகிற பற்றரியில், எரிவதாக இருக்க வேண்டும். அந்தப் பற்றரி தருவது 1.5 வோல்ட். வெள்ளை எல்.ஈ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். அழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று உள்ளே இருப்பதால், தளர்ந்த பற்றரியின் கடைசிச் சொட்டையும் அத்தகைய ரோச்சுகள் உறிஞ்சி எடுக்கும். மீளேற்றக்கூடிய நிக்கல் பற்றரியையும் அதில் போடலாம். அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் கலமும் உண்டு. ரோச் அதை ஏற்கும் என்று தயாரித்தவர் சொல்லியிருந்தாலன்றிப் போடக்கூடாது. மிகக் குறைந்த ஒளிநிலை ஒன்று அவசியம். உறங்குகிறவரை எழுப்பாமல் மருந்துக் குளிசையைத் தேடுவதற்கு ஐந்து லூமன் தாராளம்.

"ஃபோனிலயே லைற் இருக்குதே மாமா" என்றான். 2022 மார்ச் 31 ஆம் திகதி நாடு முழுவதும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு நடைமுறைக்கு வந்ததை அவனுக்கு நினைவூட்டினேன். அந்நாட்களில் கைத்தொலைபேசியில் எஞ்சியிருக்கும் மின்னை, ஓர் அவசர அழைப்புக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டியிருந்தது. யு.எஸ்.பி. கம்பியில் ஏற்றும் லித்தியம் ரோச்சுகள் பிரகாசமானவை என்பதை மறுக்கவில்லை. மின்சாரம் நாள்தோறும் வரும் ஊரில் அவையே சிறந்தவை. வராத நாளுக்காகவே ரோச் வாங்குகிறவன் வேறு கணக்குப் போட வேண்டும். நாளை எதை வாங்க முடியும், எதை அடுத்த வீட்டில் இரவல் கேட்க முடியும் என்பதுதான் அந்தக் கணக்கு.

சொன்னபடியே கொண்டு வந்து தந்தான். விரல் நீளம், அலுமினிய உடல், பேனாவைப் போலச் சட்டைப்பையில் கொளுவி வைக்கலாம். நான் உள்ளே ஒரு பற்றரியைப் போட்டுவிட்டு, மேலும் இரண்டைத் தாளில் சுற்றி மேசை லாச்சிக்குள் தனியே வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். இம்முறை சிரிக்கவில்லை. ஏன் அப்படிச் சுற்றி வைக்கிறீர்கள் என்று கேட்டான். அப்பம்மாவின் கதையை அன்றிரவு அவனுக்குச் சொன்னேன்.