கொயினாவின் கதை மரத்தடியில் தொடங்குது

எங்கட பாலமுனைப் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கொயினா என்றால் மலேரியாக் காய்ச்சல் மருந்து. சிங்கோனா மரப்பட்டையில் இருந்து எடுத்த குயினைன்தான் அது. அதே குயினைன் இரசாயனவியலில் ஊக்கியாகவும் வேலை பார்த்திருக்கு என்பது கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்குப் புதுசு.

சில மூலக்கூறுகள் செருப்புச் சோடி மாதிரி. அளவும் வாரும் ஒன்றுதான். ஆனால் இடது, வலது காலுக்குச் சரிவராது. எங்கட உடம்பும் இப்படி இடம்-வலம் பார்க்கும். அதனால் மருந்து செய்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வேணும். சாதாரணமாகச் செய்தால் இரண்டும் பாதிக்குப் பாதி வந்து விழும்.

1912இல் ஜெர்மன் இரசாயனவியலாளர் பிரெடிக்கும் பிஸ்க்கும் குயினைனை ஊக்கியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடியது. வித்தியாசம் 10 வீதத்துக்கும் குறைவு. அதே பட்டையில் உள்ள குயினிடினைப் போட்டபோது மற்றப் பக்கம் கூடியது.

இது எப்படி நடக்குது? 1981இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வைன்பெர்க்கும் ஹீம்ஸ்ட்ராவும் இந்த வகை ஊக்கிகளை ஆராய்ந்து விளக்கம் சொன்னார்கள். ஊக்கியின் நைதரசன் ஒரு மூலக்கூறை இழுத்துப் பிடிக்குது. அதன் ஐதரொட்சில் கூட்டம் மற்றதை ஐதரசன் பிணைப்பால் மெல்லத் தொட்டு நிறுத்துது. தனித்தனியே பார்த்தால் பலவீனமான பிடிதான். இரண்டும் சேர்ந்தால், எந்தப் பக்கமாக இணையவேணும் என்பது முடிவாகிவிடும். வேலை முடிந்ததும் பிடி விடுபடும். 2005 அளவில் பல ஆய்வுக்குழுக்கள் அந்த ஐதரொட்சிலின் இடத்தில் தயோயூரியாவை வைத்து, ஒன்றுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புக் கொடுத்தார்கள். பல தாக்கங்களில் வேண்டிய பக்கம் 90 வீதத்தைத் தாண்டியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஆய்வுகூடப் போத்தலில் தொடங்குகிறார்கள். போத்தலுக்கு முன்னால் மரம் இருக்கு. 1861இல் ஹக்கலைத் தோட்டம் சிங்கோனாவுக்காகவே தொடங்கப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்க, தோட்டத்துரைமார் சிங்கோனாவுக்குத் திரும்பினார்கள். 1886இல் ஏறத்தாழ 1.5 கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. மலைத்தோட்டங்களில் பாடுபட்டவர்கள் தமிழ்நாட்டில் இருந்து வந்த தொழிலாளர்கள். பிறகு சந்தை நிரம்பி விலை விழ, சிங்கோனா நின்ற இடத்தில் தேயிலை வந்தது.

பிரெடிக்கின் காலத்தில் சந்தையை ஆண்டது ஜாவாப் பட்டை. ஆகவே அவர் கையில் இருந்தது எங்கட மலைநாட்டுப் பட்டை என்று நாங்கள் உரிமை கோரவில்லை. ஆனால், விலைகூடிய குயினைன் மலிந்துபோனதில் அந்த உழைப்புக்கும் பங்கு உண்டு. பிரெடிக்கின் பெயர் நிலைத்திருக்கு. பட்டை உரித்தவர்களில் ஒருவரின் பெயரையும் அந்தக் கதை சொல்வதில்லை. விஞ்ஞான வரலாற்றைத் தமிழில் எழுதப்போகிற நாங்களாவது மரத்தடியில் இருந்து தொடங்குவோம்.