இரும்புத் தூண்களும் நீலத் துணியும்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையருகே நின்று கடலை நோக்குவோருக்கு, அலைகளின் நடுவே துருவேறிய இரும்புத் தூண்கள் சில புலப்படும். மாலைக் காற்று வாங்க வருவோர்க்கு அவை காட்சிப் பொருள்; வரலாறு அறிந்தார்க்கோ ஒரு பெருந்தொழிலின் எலும்புகள்.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே கரைக்கும் கலத்திற்கும் இடையே சரக்கைச் சுமந்தன. பலகைகள் நெகிழ்ந்து கொடுப்பதால் அவை அலையின் அடியைத் தாங்கின. ஆயினும் சரக்கு நனைவதும் கவிழ்வதும் ஓயவில்லை. இதற்குத் தீர்வாகவே 1866இல் பிரெஞ்சு ஆட்சியினர் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்தை அமைத்தனர். 1879இல் விழுப்புரத்திலிருந்து புகைவண்டிப் பாதையும் வந்து சேர்ந்தது.

துறை வாழ்ந்தது நெசவாலும் நிலக்கடலையாலும். 'கினே' என வழங்கிய, அவுரிச் சாயம் தோய்ந்த நீலத்துணி இங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் நாடுவரை சென்றது. அங்குப் பிசின் வணிகத்தில் அத்துணியே நாணயமாகப் புழங்கியது. துணி மட்டுமா சென்றது? அந்நூற்றாண்டில் இதே கரையிலிருந்து ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர்.

நெய்த கைகளின் கதை வேறு. 1828இல் தோன்றிய சவானா ஆலையில், 1936 ஜூலை 30 அன்று, உரிமை கோரி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் மாண்டனர். அவர்தம் குருதியின் பயனாக 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

1952இல் வீசிய புயல் பழைய பாலத்தைச் சிதைத்தது. தெற்கே 1962இல் எழுந்த புதிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. சவானாவின் வழிவந்த சுதேசி ஆலை அதற்கு முன்பே, 2020இல், மூடப்பட்டுவிட்டது.

அழிந்த துறையின் அழகைப் பாடக் கவிஞர் பலர் வரக்கூடும். அது தவறன்று. ஆனால் அத்தூண்கள் தாமே வாழ்ந்தவை அல்ல. சாயத்தொட்டியில் கை நீலமானவனும், தறியில் முதுகு வளைந்தவளும், படகில் துடுப்பு வலித்தவனும், திரும்பாமற் போன கூலியும் சேர்ந்தே அப்பாலத்தைத் தாங்கினர். இரும்பை நினைவுகூர்வோர் இவர்களை விட்டுவிடின், பாடப்படுவது துருவே அன்றி வரலாறு அன்று.