கம்பம் சாயாமல் போன கரண்ட்: ஒரு சின்னப் பெட்டியின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

தானே புயலை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2011 டிசம்பர் 30. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தாலே காரணம் தெருவில் கிடந்தது.

அதற்கு நான்கு வருடம் கழித்து, 2015 டிசம்பர் 23 அன்று பிற்பகலில், உக்ரைன் நாட்டில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் பகுதிகளில் ஏறக்குறைய 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. அங்கே புயல் இல்லை. ஒரு கம்பம் சாயவில்லை, ஒரு கம்பி அறுபடவில்லை. சில மணி நேரத்தில் விளக்கு திரும்ப எரிந்தது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் அவர்களுடைய கட்டுப்பாட்டு அறைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பெரிய காரணம், துணைமின் நிலையங்களில் இருந்த, சாப்பாட்டு டப்பா அளவுள்ள சின்னப் பெட்டிகள். அந்தப் பெட்டியின் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்குப் பெயர் சீரியல் போர்ட் சர்வர். சீரியல் என்றதும் சாயங்கால டி.வி. தொடர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றை வரிசை என்று பொருள். மணி அடித்ததும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வகுப்பிலிருந்து வெளியே வருவது போல, தகவலின் துண்டுகள் ஒரே கம்பி வழியாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நம்மூர் பால் சொசைட்டியில் எடைக் கருவியின் பின்பக்கம் ஒன்பது ஊசி கொண்ட ஒரு செருகி இருக்கும், பார்த்திருப்பீர்கள். லாரி எடை மேடையிலும், ரத்தப் பரிசோதனை நிலையத்திலும், துணைமின் நிலையத்திலும் அதே மாதிரி இருக்கும். அதுதான் சீரியல் போர்ட்.

இதற்கான ஆர்.எஸ்.-232 என்ற தரவிதி அமெரிக்காவில் 1960-ல் வந்தது. 1969-ல் திருத்தினார்கள். தட்டச்சு முனையத்தையும், தொலைபேசிக் கம்பியில் தகவல் அனுப்பும் மோடத்தையும் இணைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதோடு முடிந்திருக்க வேண்டிய சமாசாரம். முடியவில்லை. மலிவு, எளிமை, பழுது பார்க்க வசதி. அதனால் தொழிற்சாலைக் கருவிகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. 1979-ல் மோட்பஸ் என்ற பேச்சுமுறையும் வந்தது. கருவிகள் இந்தக் கம்பியில் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கான விதி அது. அதில் கடவுச்சொல்லே கிடையாது. குற்றமாகச் சொல்லவில்லை. அறைக்குள் பூட்டிக் கிடக்கும் கம்பிக்கு எதற்குக் கடவுச்சொல்?

சிக்கல் என்னவென்றால், ஆர்.எஸ்.-232 கம்பி ஐம்பது அடிக்கு மேல் போனாலே தடுமாறும். கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் வலை பரவியதும் ஒரு யோசனை வந்தது. ஒரு பக்கம் சீரியல் கம்பி, மறுபக்கம் வலைக் கம்பி, நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி. 1980-களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் டெக்சர்வர் என்ற பெயரில் இப்படிப்பட்ட பெட்டிகளை விற்றது. அந்தப் பழைய பெட்டிகளில் ஒரு வேடிக்கை. அவை வேலை செய்யத் தேவையான மென்பொருளை நிரந்தரமாகத் தம்மிடம் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் பெரிய கணிப்பொறியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். புத்தகம் கொண்டுவராத பிள்ளை தினமும் வாத்தியாரிடம் புத்தகம் இரவல் கேட்பது போல. புதிய பதிப்பு வேண்டுமென்றால் பெரிய கணிப்பொறியில் மாற்றி வைத்தால் போதும், மறுமுறை பெட்டி விழிக்கும்போது தானே வாங்கிக்கொள்ளும்.

துணைமின் நிலையத்தில் அப்படி இரவல் கொடுக்கப் பெரிய கணிப்பொறி ஏது? பெட்டி தன் பாடத்தைத் தானே மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அந்த மென்பொருளுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். தமிழில் நிலைப்பொருள் என்கிறார்கள், நல்ல சொல்தான். ஃபர்ம்வேர் என்ற ஆங்கிலச் சொல்லை 1967-ல் ஆஷர் ஓப்ளர் என்பவர் டேட்டாமேஷன் இதழில் எழுதிய கட்டுரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அன்று அவர் சொன்ன பொருள் கொஞ்சம் வேறு. கணிப்பொறியின் உள்ளே ஆழத்தில் இருக்கும் நுண்கட்டளைகளைச் சொன்னார். சொல் தங்கிவிட்டது, பொருள் நகர்ந்துவிட்டது. தமிழில் நாற்றத்துக்கு நடந்தது போலத்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மனப்பாடம் செய்த பாடத்தில் பிழை இருந்தால் எப்படித் திருத்துவது?

1971-ல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்ற பொறியாளர் அழித்து எழுதக்கூடிய நினைவகச் சில்லு ஒன்றைச் செய்தார். அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா விளக்குக்கு அடியில் சில நிமிடங்கள் வைத்தால் உள்ளே எழுதியது எல்லாம் அழியும். பிறகு புதிதாக எழுதலாம். வெளிச்சம் பட்டு அழியக்கூடாது என்று ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார்கள். ஆக, ஃபர்ம்வேர் மாற்றுவது என்றால் ஒரு ஆள் திருப்புளியோடு பஸ் ஏற வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய சில்லைக் கழற்றிப் புதியதைச் செருக வேண்டும். நூறு இடத்தில் பெட்டி இருந்தால் நூறு இடத்துக்கும் போக வேண்டும்.

இந்த அலைச்சலை ஒழித்தவர் ஜப்பானியர். தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1984-ல் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். மின்சாரத்தாலேயே மொத்தமாக அழித்து எழுதலாம், சில்லைக் கழற்றவே வேண்டாம். கேமரா ஃபிளாஷ் போலப் பளிச்சென்று அழிகிறதே என்று உடன் பணியாற்றிய ஒருவர் வைத்த பெயர் அது. இன்று நம் கைப்பேசி, பென் டிரைவ் எல்லாவற்றிலும் இருப்பது அவர் போட்ட விதைதான்.

சின்னப் பெட்டிக்குள்ளும் ஃபிளாஷ் வந்தது. இப்போது அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி, வலை வழியாகப் புதிய ஃபர்ம்வேரை அனுப்பலாம். பஸ் செலவு மிச்சம். ஆனால் பஸ் ஏறிப் போன அந்த ஆள் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வாசலில் காவலாளி அவர் முகத்தைப் பார்த்தார். உள்ளே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். வலை வழியாக வரும் ஃபர்ம்வேருக்கு முகம் இல்லை. அதை அனுப்பப் பல கருவிகளில் பயன்பட்ட டி.எஃப்.டி.பி. என்ற எளிய முறையில் 'நீ யார்' என்று கேட்கும் வழக்கமே கிடையாது.

இது வெறும் பயம் இல்லை என்று 1999 ஏப்ரல் 26 அன்றே உலகம் பார்த்தது. சி.ஐ.எச். என்ற வைரஸ் அன்று விழித்துக்கொண்டு, வீட்டுக் கணிப்பொறிகளின் ஃபிளாஷ் சில்லில் இருந்த அடிப்படைக் கட்டளைகள் மேல் குப்பையை எழுதியது. அப்படி எழுதப்பட்ட இயந்திரத்தில் பொத்தானை அமுக்கினால் திரைகூட விழிக்காது. எழுதியவர் தைவானில் ஒரு கல்லூரி மாணவர். அணு உலை விபத்து நடந்த அதே தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்று பெயர் வந்தது. செர்னோபில் இருப்பது உக்ரைனில்! வரலாறு சில சமயம் இப்படியும் கோர்த்துவிடுகிறது.

இனி உக்ரைனுக்கே போவோம்.

தாக்கியவர்கள் மாதக்கணக்கில் முன்பே உள்ளே வந்துவிட்டார்கள். ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது, சிலர் திறந்தார்கள், அவ்வளவுதான். பிறகு அவசரப்படாமல் கடவுச்சொற்களைச் சேகரித்தார்கள், எங்கே என்ன கருவி இருக்கிறது என்று படித்தார்கள். டிசம்பர் 23 அன்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண் முன்னாலேயே சுட்டி தானாக நகர்ந்து, ஒவ்வொரு துணைமின் நிலையமாக இணைப்பைத் துண்டித்தது. ஊழியர் சுட்டியைப் பிடித்து இழுத்தும் பயன் இல்லை. அதே நேரத்தில் புகார் எண்ணுக்குப் போலி அழைப்புகள் குவிந்தன, உண்மையான வாடிக்கையாளருக்கு லைன் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையின் யு.பி.எஸ்.ஸையும் விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம்விடக் கொடுமையாக எனக்குப் படுவது அடுத்து செய்ததுதான். ஒரு டஜனுக்கும் மேற்பட்ட துணைமின் நிலையங்களில் இருந்த சின்னப் பெட்டிகளுக்கு அவர்களே ஒரு ஃபர்ம்வேரை அனுப்பினார்கள். பெட்டி அதை 'புதிய பதிப்பு' என்று நம்பி, தன்னை அழித்து எழுதிக்கொண்டது. அதோடு சரி. கட்டுப்பாட்டு அறையிலிருந்து 'இணைப்பைத் திரும்பப் போடு' என்று கட்டளை அனுப்பினாலும், அதை சுவிட்ச் வரை கொண்டுபோக ஆள் இல்லை. வாளி கிணற்றில் விழுந்தால் எடுத்துவிடலாம். கயிற்றையே அறுத்துப் போட்டால்?

பராமரிப்புக்காகத் திறந்து வைத்த வாசல்தான் அவர்களுக்கும் வழி. அதைக் கவனியுங்கள்.

2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் மேல் இதற்கும் வேறு சில தாக்குதல்களுக்கும் சேர்த்துக் குற்றம் சாட்டியது. ரஷ்யா மறுக்கிறது.

பெட்டி ஏன் ஏமாந்தது என்று என் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டேன். சேதராப்பட்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் இந்த வேலைதான் பார்க்கிறார். "சார், பழைய பெட்டிங்க ஃபைல் சரியா வந்துச்சான்னுதான் பார்க்கும், யார் அனுப்புனதுன்னு பார்க்காது" என்றார். எனக்கு உடனே மதிப்பெண் பட்டியல் ஞாபகம் வந்தது. ஐந்து பாட மதிப்பெண்ணைக் கூட்டினால் கீழே உள்ள மொத்தம் வருகிறதா என்று பார்ப்பது ஒரு சோதனை. எழுதும்போது கை தவறவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். போலிப் பட்டியல் தயாரிப்பவனுக்குக் கூட்டத் தெரியாதா? தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு சோதனை. இப்போது வரும் நல்ல பெட்டிகள் தயாரித்த நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை ஏற்பதில்லை. பழைய பெட்டிகள் பல இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அவர் வேலை செய்யும் முறையையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி நிற்கும்போதுதான் தொடுவாராம். நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுப்பார். பழைய பதிப்பு எண்ணையும் அமைப்புகளையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். பெட்டியையும் மடிக்கணினியையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டிவிட்டுத்தான் தொடங்குவார். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி பாதிப் பாடத்தோடு நின்றுவிடும். இவர்கள் பாஷையில் அது 'செங்கல்' ஆகிவிட்டது. சூளைச் செங்கல்லாவது வீடு கட்ட உதவும்.

இந்தப் பயத்தால் ஒரு கூட்டம் 'ஓடுற வண்டியை ஏன் தொடணும்' என்று பத்து வருடம் பழைய ஃபர்ம்வேரிலேயே விட்டுவிடுகிறது. வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லைக்கூட மாற்றுவதில்லை. நான் இதை ஏற்கமாட்டேன். கண்டுபிடித்து அறிவிக்கப்பட்ட ஓட்டையை அடைக்காமல் விடுவது, ஏரிக் கரையில் நண்டு வளையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவது போல. பாகூர்க்காரர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. 2012-லேயே பவர் கிரிட் நிறுவனமும் நம் மின்துறையும் சேர்ந்து புதுச்சேரியில் ஸ்மார்ட் கிரிட் சோதனைத் திட்டத்தைத் தொடங்கின. மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை 2021 அக்டோபரில் வெளியிட்டது. நல்லது. ஆனால் நான் கேட்க நினைப்பது வேறு.

உக்ரைனில் அன்று ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் கரண்ட் எப்படித் திரும்பியது தெரியுமா? ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போய், கையாலேயே சுவிட்சைப் போட்டார்கள். பழைய காலத்து அமைப்பு என்பதால் கையால் இயக்கும் வசதி இருந்தது, இயக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். முழுக்கத் தானியங்கியாக மாறிவிட்ட பணக்கார நாடுகளில் இது இன்னும் கடினமாக இருந்திருக்கும் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். தானேவிலும், 2024 ஃபெஞ்சல் புயலிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று நமக்குக் கரண்ட் கொடுத்த லைன்மேன்களில் பலர் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் வித்தையைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மின்துறையில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள்.

அந்தச் சின்னப் பெட்டிகளைப் பழுது பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள், பனிக்காலம் முழுக்க, அந்த நிலையங்களில் சுவிட்சைப் போடவும் எடுக்கவும் ஆள்தான் போக வேண்டியிருந்தது.