நாஞ்சில் நாட்டு இலை விருந்து

கீரிப்பாறை போன்ற ரப்பர் தோட்ட ஊர்களுக்கு வரும் பயணி தினம் காண்பது மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும்தான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் பரவலாக்கிய கிழங்கு அது. ஆனால் நாஞ்சில் நாட்டின் பந்தி முறையை அறியக் கல்யாண விருந்துக்குத்தான் போகவேண்டும். நுனி இடப்பக்கம் இருக்க இலை போடப்படும். அவியலும் எரிசேரியும் தொடுகறிகள். சோற்றுக்குப் பருப்பும் நெய்யும் முதலில், பிறகு சாம்பார், புளிசேரி. பாயசம் இலையிலேயே விழும், பப்படமும் பழமும் சேர்த்துப் பிசைந்து உண்பார்கள். ரசமும் மோரும் அதற்குப் பின்னரே. இனிப்போடு சாப்பாடு முடிந்தது என்று எழுந்துவிடுவது வெளியூர்க்காரர் பலர் செய்யும் பிழை. ஆகவே இங்கே மரியாதை என்பது, என் கணிப்பில், பரிமாறும் வரிசைக்குக் காத்திருப்பதே.

இது கேரளத்தின் சத்யா விருந்தின் நகல்தானே என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை இம்மண் திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் உறவு இயல்பானது. ஆனால் ஒரே சமையல் மரபைப் பகிர்ந்த இரு பகுதிகளில் ஒன்றை மூலமென்றும் மற்றதை நகலென்றும் பிரிக்க இன்றைய மாநில எல்லைக்கோடு சான்றாகாது. மரியாதைக்கு இலையை மடிக்கும் திசையே முக்கியம் என்போரும் உண்டு. தன்பக்கம் மடிப்பது நிறைவின் குறி, துக்கவீட்டில் எதிர்ப்பக்கம் என்பது பரவலான வழக்கம். அதையும் பக்கத்து இலையைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். மோருக்கு முன் எழுவதை அப்படித் திருத்த முடியாது.