கடக்வாஸ்லா அணையும் டாக்கர் பெட்டியும்

புனேயில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்குக் கடக்வாஸ்லா என்றால் ஞாயிற்றுக்கிழமை, சுட்ட சோளம், வெங்காய பஜ்ஜி. ஊர்க்காரப் பெரியவர்களுக்கு அது 1961 ஜூலை 12.

அன்று மேலே அம்பி ஆற்றில், வேலை முடியாமலிருந்த பான்ஷேத் மண் அணை உடைந்தது. அந்த வெள்ளம் வெள்ளைக்காரன் காலத்துக் கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு புனே நகருக்குள் புகுந்தது. எங்கே உடைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். தண்ணீர் வெளியேறுவதற்காகக் கரைக்கு அடியில் ஒரு வழி விட்டிருந்தார்கள். அது அரைகுறையாக இருக்கும்போதே மழையில் அணை நிரம்பிவிட்டது. அந்த வழிக்கு மேலிருந்த கரை உட்கார்ந்தது, தண்ணீர் மேலே வழிந்தது, கரையை அரித்துக்கொண்டு போனது.

இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மென்பொருளில் கன்டெய்னர் என்பதும் ஒரு கரைதான்.

1979-ல் யுனிக்ஸில் 'சிரூட்' வந்தது. ஒரு புரோகிராமுக்கு ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டி, உலகமே அவ்வளவுதான் என்று நம்ப வைக்கும் வேலை. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்' நெட்வொர்க்கையும் பிற புரோகிராம்களையும் சேர்த்துப் பிரித்தது. 2006-ல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய 'சிகுரூப்' 2008 ஜனவரியில் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு மெமரி என்று அளந்து கொடுக்கும் பகுதியில் ஐபிஎம்மில் இருந்த பல்பீர் சிங்கின் உழைப்பு பெரியது. 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கரைக் காட்டினார். அதுவரை நிபுணர்கள் கையில் இருந்த வித்தை எல்லோருக்கும் ஒரே கட்டளையில் கிடைத்தது.

சமீபத்தில் ஒரு சின்ன டூல் சர்வரை டாக்கருக்குள் ஓட்டினேன். மொழி மாடலுக்குத் தானாகப் பேச மட்டும்தான் வரும். ஃபைலைத் திறந்து படிப்பது போன்ற வேலைகளை அதற்காகச் செய்து தருவது இந்த சர்வர். இரண்டும் பேசிக்கொள்ள ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற பொது நெறிமுறை இருக்கிறது. சர்வரின் கோடு யாரோ எழுதியது. படிக்கிற ஃபைலுக்குள்ளேயே யாராவது மாடலை ஏமாற்றும் கட்டளையை ஒளித்து வைத்திருக்கலாம். அதனால்தான் பெட்டி தேவை.

ஆனால் முழுக்க மூடிய பெட்டியால் பயனில்லை. வழி விட்டுத்தான் ஆக வேண்டும். நான் ஒரே ஒரு ஃபோல்டரைக் கொடுத்தேன், அதுவும் படிக்க மட்டும். இந்த சர்வர் ஸ்டாண்டர்டு இன்புட், அவுட்புட் வழியாகவே பேசிவிடும் என்பதால் நெட்வொர்க்கை அடைத்தேன். மெமரிக்கு உச்சவரம்பு வைத்தேன். உள்ளே ரூட் அல்லாத யூசர்.

சில வழிகாட்டிகள் வசதிக்காக டாக்கரின் சாக்கெட்டையே உள்ளே கொடுக்கச் சொல்கின்றன. அதைக் கொடுத்தால், உள்ளே இருப்பவர் வெளியே தான் விரும்பிய புதுப் பெட்டியைத் திறக்கலாம்; முழு மெஷினும் அவர் கையில்.

கரையே பழுதாவதும் உண்டு. எல்லாப் பெட்டிகளும் ஒரே கெர்னலின் மேல்தான் நிற்கின்றன. 2019 பிப்ரவரியில் டாக்கருக்கு அடியில் இயங்கும் 'ரன்சி'யில் ஓட்டை ஒன்று வெளியானது. உள்ளிருந்தே வெளி மெஷினில் ரூட் ஆகலாம் என்ற நிலை. அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள்.

அடுத்த முறை டாக்கர் கட்டளையைக் காப்பி செய்து ஒட்டும்போது, 'மைனஸ் வி', 'மைனஸ் பி' எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் கரையில் நீங்கள் விடுகிற ஒரு வழி.